கலரை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல முழங்கையை அளங்க

கிச்சனை இடிச்சு மாத்தப் போறீங்களா? கார்பெண்டருக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இந்த இழையைப் படிச்சுடுங்க. கொஞ்சம் நீளம். ஒரு டீயோட உக்காருங்க. அந்த டீயை வேற யாராவது போட்டுக் குடுத்திருந்தா அவங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க. இது அவங்க விஷயம்.

டாக்டருக்கு எதுக்கு இன்டீரியர் வேலைன்னு தோணலாம். என் ஓ.பி.க்கு வர்ற தோள்வலி, இடுப்புவலி, குதிகால்வலி, மூச்சிரைப்பு, எண்ணெய் தெறிச்ச கொப்புளம், பரண்ல இருந்து அண்டாவை எடுக்கப் போய் விழுந்த மணிக்கட்டு முறிவு... இதுல நிறையக் கதை அடுப்பங்கரையிலதான் ஆரம்பிக்குது. "என்ன வேலை பாக்கறீங்கம்மா?"ன்னு கேட்டா "வேலையெல்லாம் இல்ல டாக்டர், வீட்லதான் இருக்கேன்"ம்பாங்க. ஒரு நாளைக்கு நாலஞ்சு மணி நேரம் நின்னுக்கிட்டே பாக்கற வேலைக்கு நம்ம ஊர்ல பேரு "வீட்ல இருக்கறது".

கிச்சன் மாத்தறது எப்படி நடக்குதுன்னு பாத்திருப்பீங்க. டிசைனர் தம்பி லேப்டாப்போட வருவார். எல் ஷேப்பா, யூ ஷேப்பா, பேரலலா? அக்ரிலிக்கா, லேமினேட்டா? கைப்பிடி வேணுமா, கைப்பிடி இல்லாத மாடலா? அப்புறம் ஒரு 3டி படம் காட்டுவார். அழகா இருக்கும். அந்தப் படத்துல ஒண்ணு கவனிச்சீங்களா? ஆளே இருக்க மாட்டாங்க. குக்கர் இருக்காது, மாவு டப்பா இருக்காது, எண்ணெய்த் தூக்கு இருக்காது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல நாலு எலுமிச்சம்பழம் இருக்கும்.

அந்தப் படத்தைப் பாத்து கலரைப் பத்தி வீட்ல ரெண்டு வாரம் சண்டை நடக்கும். மேடை எத்தனை இன்ச் உயரம்னு யாரும் கேக்க மாட்டாங்க. "ஸ்டாண்டர்டு சைஸ் சார்"ம்பார் கார்பெண்டர். யாரோட ஸ்டாண்டர்டு?

அமெரிக்காவில் சமையல் மேடையின் வழக்கமான உயரம் 36 இன்ச். அந்த ஊர் உடம்புக்கும் அந்த ஊர்ச் சமையலுக்கும் அமைஞ்ச அளவு. நம்ம பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ., அதாவது 5 அடி. அஞ்சடிப் பெண் 36 இன்ச் மேடையில சப்பாத்தி தேய்க்கணும்னா தோளைத் தூக்கித்தான் தேய்க்கணும். ஒரு சப்பாத்திக்கு ஒண்ணும் ஆகாது. தினம் இருபதுன்னு பத்து வருஷம் போட்டுப் பாருங்க.

சில மாசம் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. 58 வயசு, 4 அடி 10 அங்குலம், பத்து வருஷமா சர்க்கரை. வலது தோளைத் தூக்க முடியல. இது 'ஃப்ரோசன் ஷோல்டர்', சர்க்கரை இருக்கறவங்களுக்கு அதிகமா வர்றது. கிச்சன் மேடையாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அது மருத்துவம் ஆகாது. ஆனா வலி எப்ப உயிர் போகுதுன்னு கேட்டப்ப, "புது கிச்சன்ல குழம்பு கிண்டும்போது"ன்னாங்க. வெளிநாட்டுல இருக்கற பையன் ஆசைப்பட்டுப் பணம் அனுப்பி, அங்க அவன் வீட்ல இருக்கற மாதிரியே கட்டச் சொல்லியிருக்கான். மேடை 36 இன்ச். அதுக்கு மேல அடுப்பு. அதுக்கு மேல குக்கர். அந்தம்மா குக்கருக்குள்ள எட்டிப் பாக்க குதிகாலைத் தூக்கறாங்க. பையன் மேல குத்தம் சொல்ல மனசு வரல. பாசத்தைக் காட்டியிருக்கான், டேப்பைத்தான் காட்டல.

சரி, எப்படி அளக்கறது? ரெண்டு நிமிஷ வேலை.

வீட்ல அதிக நேரம் சமைக்கறவங்க, சமைக்கும்போது எப்படி நிப்பாங்களோ அப்படியே நிக்கட்டும். செருப்புப் போட்டுச் சமைக்கறவங்கன்னா செருப்போட. தோளைத் தளர்த்தி, முழங்கையை 'எல்' மாதிரி மடக்கச் சொல்லுங்க. தரையில இருந்து முழங்கை வரைக்கும் டேப் பிடிங்க. அதுல இருந்து 4 முதல் 6 இன்ச் கழிச்சா, காய் நறுக்கற மேடையோட உயரம். 5 அடி உயரம் உள்ளவங்களுக்கு முழங்கை சுமார் 38 இன்ச்ல இருக்கும். அப்ப மேடை 32-லேர்ந்து 34. அஞ்சரை அடி உயரமானவங்களுக்கு 36 பக்கம் வரும், அவங்களுக்கு அமெரிக்க அளவு கச்சிதமாவே இருக்கும். 4 அடி 10 அங்குலம்னா 31, 32 போதும்.

இந்த அளவை மேஸ்திரிகிட்ட சொல்லும்போது டைல்ஸ் ஒட்டின பிறகு இருக்கற தரையில இருந்து, கிரானைட்டோட மேல்பரப்பு வரைக்கும்னு தெளிவாச் சொல்லிடுங்க. பழைய தரைக்கு மேலயே புது டைல்ஸ் ஒட்டினா தரை ஏறிடும், மேடை எறங்கிடும். அரை இன்ச்தானேன்னு விடாதீங்க.

மாமியார் குள்ளம், மருமக உயரம், ரெண்டு பேரும் சமைக்கறாங்கன்னா? குள்ளமானவங்க அளவுக்குப் போங்க. தாழ்வான மேடையில ஒரு கனமான நறுக்குப் பலகையைப் போட்டு ரெண்டு இன்ச் ஏத்திக்கலாம். உயரமான மேடையை யாராலயும் எறக்க முடியாது. பலகை போட்டு அதுமேல ஏறி நின்னு சமைக்கறேன்னு சொல்றவங்களுக்கு: கையில கொதிக்கிற ரசத்தோட அந்தப் பலகையில இருந்து எறங்கறதை ஒருதடவை கற்பனை பண்ணிப் பாருங்க.

இன்னொரு விஷயத்தை டிசைனர்கள் சொல்றதே இல்ல. கிச்சன் முழுக்க ஒரே உயரத்துல இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. பாக்க நேர்கோடா அழகா இருக்குங்கறது மட்டும்தான் காரணம்.

உடம்புக்கு மூணு உயரம் வேணும். நறுக்கற இடம் ஒண்ணு, அதைப் பாத்துட்டோம். சிங்க் அதைவிட ரெண்டு, மூணு இன்ச் ஏறணும். ஏன்னா நாம பாத்திரம் தேய்க்கறது சிங்க்கோட விளிம்புல இல்ல, எட்டு இன்ச் கீழ, அடியில. குனிஞ்சு தேய்க்கத் தேய்க்க இடுப்பு போகும். இப்ப பத்து இன்ச் ஆழ சிங்க் ஃபேஷனா வருது. பாத்திரம் வெளிய தெரியாதாம். தெரியட்டும், என்ன இப்போ? ஆழம் குறைஞ்சதா வாங்குங்க. உங்க வீட்ல பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வராங்கன்னா அவங்க முழங்கையையும் அளங்க. அவங்க இதே மாதிரி நாலு வீட்டு சிங்க்ல குனியறாங்க.

அடுப்பு இருக்கற இடம் மூணு, நாலு இன்ச் எறங்கணும். கணக்குப் போடுங்க. 34 இன்ச் மேடை, அதுமேல ஒரு நாலு இன்ச் ஸ்டவ், அதுமேல எட்டு இன்ச் குக்கர். குக்கரோட வாய் 46 இன்ச்ல இருக்கு, முழங்கை 38-ல இருக்கு. நெஞ்சு உயரத்துல கரண்டி பிடிச்சு பொங்கல் கிண்டறீங்க. ஆவியும் நேரா முகத்துல அடிக்குது. அடுப்பு மேடையை எறக்கினா தோளும் தப்பிக்கும், முகமும் தப்பிக்கும். ஒரு எச்சரிக்கை: எட்டிப் பிடிக்கிற வயசுல குழந்தை இருந்தா, எறக்கின அடுப்பு அதோட கைக்கு இன்னும் பக்கமா வந்துடும். அந்த வீட்ல கிச்சன் வாசல்ல இடுப்பளவு கேட் ஒண்ணு போடணும். அது ஒத்து வராதுன்னா அடுப்பை எறக்காதீங்க, மேடைக்குள்ள பதிக்கிற மாதிரி ஸ்டவ் வாங்குங்க. ஒரு ரெண்டு இன்ச்சாவது மிச்சமாகும்.

நான் ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி நினைக்காதீங்க. நூறு வருஷத்துக்கு முந்தின கதை இது. வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர், 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ரயிலில் உணவுப் பெட்டிக்குள் இருக்கும் குட்டிச் சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. சமைக்கிறவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கே குனிகிறார் என்று பார்த்துப் பார்த்து, சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது கட்டப்பட்டது. இன்னைக்கு நாம லட்சக்கணக்குல குடுத்து வாங்கற மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி அதுதான்.

அந்த ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச சாமான் ஒண்ணு உண்டு. ஜன்னலோரம் வேலை செய்யற பலகை, அதுக்கு முன்னாடி ஒரு சுழல் ஸ்டூல். உக்காந்து நறுக்கறதுக்கு! மாடுலர் கம்பெனிக்காரங்க அந்த வடிவத்தையெல்லாம் எடுத்துக்கிட்டாங்க. ஸ்டூலை மட்டும் அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்க. நம்ம பாட்டிகள்கிட்டயும் அது இருந்துச்சு. அரிவாள்மனையைப் போட்டு உக்காந்துதான் காய் நறுக்குவாங்க, உக்காந்துதான் கீரை ஆய்வாங்க. மேடை வந்ததும் எல்லாரையும் எழுப்பி நிக்க வெச்சுட்டோம்.

அதனால என் கட்சி இது: மேடையில ரெண்டடி அகலத்துக்குக் கீழ கபோர்டு வேண்டாம். காலி விடுங்க. முட்டி உள்ள போகட்டும். அந்த இடம் மட்டும் 28, 30 இன்ச் உயரம் இருந்தா ஒரு சாதா ஸ்டூல்ல உக்காந்து வெங்காயம் உரிக்கலாம், மாவு பிசையலாம், தேங்காய் துருவலாம். நாற்பது வயசுல நரம்பு சுருட்டிக்கிட்டவங்க, முட்டி தேய்ஞ்சவங்க, மாதவிடாய் நாள்ல நிக்க முடியாதவங்க, கர்ப்பிணிகள், எல்லாருக்கும் அந்த ரெண்டடி இடம் மருந்துச் சீட்டு மாதிரி. "ஸ்டோரேஜ் குறையுமே சார்"ம்பார் டிசைனர். குறையட்டும். கல்யாணத்துக்கு வந்த, இன்னும் பிரிக்காத டின்னர் செட்டை யாருக்காவது குடுத்துடுங்க.

அதே மாதிரி கீழ்க் கபோர்டோட அடிப்பகுதி, தரையை ஒட்டி மூணு இன்ச் உள்வாங்கி இருக்கணும். கால்விரல் போறதுக்கு. செங்கல் வெச்சுக் கட்டின மேடைகள்ல இது இருக்கறதே இல்ல, அலமாரி நேரா தரையில முட்டும். கால் தள்ளி நிக்கறதால உடம்பு முன்னால சாயும். நாள் முழுக்க லேசா குனிஞ்ச மாதிரியே நிக்கறீங்க, அதான் சாயங்காலம் இடுப்பு கழண்டு போகுது.

அடுத்தது சாமான் வைக்கற இடம். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கற ஒண்ணரை, ரெண்டடிதான் கிச்சன்லயே விலையுயர்ந்த இடம். தினம் எடுக்கற கனமான சாமானெல்லாம் அங்க இருக்கணும். குக்கர், தோசைக்கல், அரிசி. நடைமுறையில என்ன பண்றோம்? அந்த இடத்துல ஷோவுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு கப் அண்ட் சாசர் வைக்கறோம். அரிசி மூட்டை கீழ, ரெண்டடி ஆழக் கபோர்டுல. முட்டி தேய்ஞ்ச அம்மா மண்டி போட்டு, தலையை உள்ள விட்டு, தாம்பாளத்தைத் தேடறாங்க. கீழ எல்லாமே இழுக்கற டிராயரா போடுங்க. காசு கூடத்தான். மேல அக்ரிலிக்குக்குப் பதிலா சாதா லேமினேட் போட்டு அந்தக் காசை இதுல போடுங்க.

கிரைண்டருக்கும் மிக்சிக்கும் நிரந்தர இடம், பக்கத்துலயே பிளக். கிரைண்டரை உள்ள இருந்து தூக்கி மேடையில வெச்சு, அரைச்சு முடிச்சுத் திரும்பத் தூக்கி உள்ள வைக்கற வீட்டுக்கு என் பிசியோதெரபிஸ்ட் நண்பர் சார்பா நன்றி.

இப்ப தீ. இங்கதான் ஒரு டாக்டரா எனக்குக் கோபம் வரும்.

அடுப்புக்குப் பின்னாடி சுவத்துல அழகா ஒரு ஸ்டாண்டு. அதுல உப்பு, கடுகு, மஞ்சத்தூள், எண்ணெய். படத்துல பாக்கும்போது கண்ணுக்கு நிறைவா இருக்கும். நெருப்பு எரியும்போது அதைத் தாண்டிக் கையை நீட்டி எடுக்கணும். புடவை முந்தானை, துப்பட்டா, நைலான் நைட்டியோட தொளதொளக் கை, எல்லாம் நெருப்புக்கு மேல போய் வரும். இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்களுக்குப் பெரும்பாலும் தீக்காயம் ஆகிற இடம் சமையலறைதான். அஞ்சறைப்பெட்டிக்கு அடுப்போட பக்கவாட்டுல, மேடைக்குக் கீழ ஒரு டிராயர் போடுங்க. கடுகு தாளிக்க நெருப்பைத் தாண்ட வேண்டிய அவசியமே வரக்கூடாது.

அடுப்புக்கு ரெண்டு பக்கமும் குறைஞ்சது ஒண்ணேகால் அடி வெறும் மேடை இருக்கணும். சூடான சட்டியை எறக்கினதும் வைக்க இடம் வேணும். இல்லேன்னா கொதிக்கற சட்டியோட சமையலறையைச் சுத்தணும், அப்பதான் குழந்தை காலுக்குள்ள ஓடி வரும். அடுப்பை மூலையிலயோ, வாசலை ஒட்டியோ, காத்து நேரா அடிக்கிற ஜன்னலுக்குக் கீழயோ வைக்காதீங்க. ஜன்னல்ல தொங்கற ஸ்க்ரீனும் வேண்டாம்.

சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூணுக்கும் நடுவுல ஒரு முக்கோணம் வரணும், மூணு பக்கமும் சேர்ந்து 26 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு மேல்நாட்டு விதி ஒண்ணு இருக்கு. எட்டுக்குப் பத்து கிச்சன்ல நீங்க நினைச்சாலும் அந்த அளவைத் தாண்ட முடியாது. எனக்கு அதுல ஒரே ஒரு பக்கம்தான் முக்கியம்: அடுப்புக்கும் குழாய்க்கும் ரெண்டு, மூணு எட்டு தூரம். சாதம் வடிக்கறவங்களுக்கு அது உசிர் காக்கிற தூரம். கையில சுட்டுக்கிட்டா உடனே ஓடற தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். வளையல், மோதிரத்தைக் கழட்டிடணும். பேஸ்ட், மாவு, இங்க், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். குழாய் அடுத்த ரூம்ல இருந்தா யாரும் 20 நிமிஷம் நிக்க மாட்டாங்க, பேஸ்ட்டைத்தான் தேடுவாங்க.

வாஸ்து கேப்பீங்க. அக்னி மூலை, கிழக்குப் பாத்துச் சமைக்கறது. பாக்கறவங்க பாருங்க, நான் அதுல நுழையல. ஆனா அக்னி மூலையில வெக்கணும்னே அடுப்பை ஃபிரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல ரெண்டடி சந்துல சொருகின வீட்டை நான் பாத்திருக்கேன். மூலை ஒண்ணுதான், ஆனா அந்த மூலைக்குள்ள நகர்த்த இடம் இருக்கும். நகர்த்துங்க.

புகைக்கு வருவோம். பீடி, சிகரெட் பக்கமே போகாத அறுபது, எழுபது வயசு அம்மாக்கள் நெஞ்சு முழுக்க விசிலோட வர்றாங்க. பரிசோதிச்சா சி.ஓ.பி.டி., புகைபிடிக்கிறவங்களுக்கு வருமே அதே நுரையீரல் நோய். முப்பது வருஷம் விறகடுப்பு ஊதியிருப்பாங்க. வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கேஸ் வந்தது பெரிய விடுதலை, சந்தேகமே இல்ல. ஆனா கேஸ் வந்ததால புகையே இல்லன்னு நினைக்கிறது தப்பு. கேஸ் சுடர்ல இருந்து வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு ஆஸ்துமாவைக் கிளறும். எண்ணெயை அதிகச் சூட்டில் காய்ச்சிப் பொரிக்கும்போது வரும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2010-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துவிட்டது. பயப்பட வேண்டாம், ஞாயித்துக்கிழமை வடை சுட்டா புத்துநோய் வராது. அந்தப் புகை வெளிய போக வழி இருக்கணும், அவ்ளோதான்.

"சிம்னி வெச்சிருக்கோம் டாக்டர்." நல்லது. அதோட குழாய் எங்க போகுது? சில வீட்ல குழாயே இருக்காது. வடிகட்டி வழியா சுத்திட்டு அதே காத்து திரும்பக் கிச்சனுக்குள்ளயே வரும். வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும் குறையும், கேஸ் எரிஞ்ச காத்தும் ஆவியும் அங்கயேதான் இருக்கும். இன்னும் சில வீட்ல குழாய் இருக்கும், ஆனா சிம்னியை அழகா நடு சுவத்துல வெச்சதால, குழாய் மூணு எடத்துல மடங்கி, பத்தடி ஓடி, பரணுக்குப் பின்னாடி போய்... மடங்கற ஒவ்வொரு எடத்துலயும் இழுக்கற வேகம் செத்துப் போகும். பெட்டியில போட்டிருக்கற பெரிய எண்ணை நம்பி வாங்கினது வீண்.

அதனால வெளிச் சுவர் எதுன்னு முதல்ல பாருங்க, அடுப்பை அந்தச் சுவத்துல வையுங்க. குழாய் குட்டையா, நேரா, வெளிய. அடுப்புக்கு மேல சிம்னி கம்பெனி சொல்ற உயரத்துல இருக்கணும், பெரும்பாலும் 65 முதல் 75 செ.மீ. தலை இடிக்குதுன்னு மூணடிக்குத் தூக்கினா அது சும்மா சத்தம்தான் போடும். பொரிக்கறதைப் பின்பக்க பர்னர்ல பொரிங்க, சிம்னி அங்கதான் நல்லா இழுக்கும். சிம்னி வாங்க வசதி இல்லேன்னா கவலை வேண்டாம். ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனும் எதிர்ப்பக்கம் தொறக்கற ஒரு ஜன்னலும், குழாய் இல்லாத சிம்னியை விட மேல்னு நான் சொல்வேன்.

ஓப்பன் கிச்சன் பத்தி நிறையப் பேர் கேக்கறாங்க. எனக்கு இதுல ரெண்டு மனசு. நம்ம தாளிப்புக்கும் மீன் வறுவலுக்கும் ஓப்பன் கிச்சன் வெச்சா சோபா இருமும், ஹால்ல படுத்திருக்கற தாத்தாவும் இருமுவார். மறுபக்கம், எல்லாரும் ஹால்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்க, ஒருத்தர் மட்டும் சுவத்தைப் பாத்து தோசை சுட்டுக்கிட்டு இருக்கறதும் ஒரு ஆரோக்கியக் கேடுதான். ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன் மேலயும் பின்னால இந்தக் குறையைத்தான் சொன்னாங்க, அது ஒருத்தரை மட்டும் தனியா அடைச்சு வைக்குதுன்னு. நடுவழி ஒண்ணு உண்டு: ஹால் பக்கச் சுவத்துல நாலடிக்கு ஒரு திறப்பு, அதுக்கு இழுத்து மூடற கண்ணாடி. பொரிக்கும்போது மூடு, மத்த நேரம் தொறந்து வை. இடிக்கறதுக்கு முன்னாடி அது பாரம் தாங்கற சுவரான்னு ஒரு இன்ஜினியரைக் கேட்டுடுங்க, மேஸ்திரியோட தைரியத்தை நம்பாதீங்க.

மே மாசம் சென்னையிலயோ மதுரையிலயோ மதியம் பன்னெண்டு மணிக்கு உங்க கிச்சன்ல அரை மணி நேரம் நின்னு பாருங்க. ஹாலுக்கு ஏசி, பெட்ரூமுக்கு ஏசி, வீட்லயே சூடான ரூமுக்கு ஒரு ஃபேன் கூட இல்ல. நெருப்பு அணைஞ்சுடும்ங்கறது காரணம். அடுப்பு மேல அடிக்காம, நிக்கறவங்க முதுகுப் பக்கம் காத்து வர்ற மாதிரி சுவத்து ஃபேன் ஒண்ணு போட முடியும். வயரிங் பண்ணும்போதே அதுக்கு ஒரு பாயின்ட் விடுங்க. இண்டக்ஷன் அடுப்புக்கும் ஒரு பவர் பாயின்ட். அதுல வெக்கை பாதியாக் குறையும்.

அழகு வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. வாழ்க்கையில இவ்ளோ நேரம் நிக்கற எடம் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும், அவங்களுக்குப் பிடிச்ச கலர்ல இருக்கணும். அந்தக் கலரை அவங்களே சொல்லணும், அவ்ளோதான். ஆனா மூணு எடத்துல மட்டும் உடம்பு சொல்றதைக் கேளுங்க.

தரை பளபளன்னு வேண்டாம். கண்ணாடி மாதிரி டைல்ஸ்ல ரெண்டு சொட்டு எண்ணெயும் தண்ணியும் சேர்ந்தா போதும். எழுபது வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சவங்க எத்தனை பேர் திரும்பப் பழைய மாதிரி நடக்கறாங்கன்னு எந்த எலும்பு டாக்டரையாவது கேளுங்க. சொரசொரப்பான மேட் டைல்ஸ் போடுங்க. துடைக்கக் கஷ்டம்ம்பாங்க, ஆமா, கொஞ்சம் கஷ்டம்.

வெளிச்சம் நடுக்கூரையில ஒரே ஒரு லைட்டா இருந்தா, உங்க நிழல் நேரா நறுக்குப் பலகை மேல விழும். மேல் கபோர்டுக்கு அடியில ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டுங்க. அறுபது வயசுக் கண்ணுக்கு, இருபது வயசுக் கண்ணை விட ஏறக்குறைய மூணு மடங்கு வெளிச்சம் தேவைப்படும். கருகரு மேடையில கத்திரிக்காயும் கத்தியும் தெரியறது கஷ்டம், கொஞ்சம் வெளிர் நிறக் கல் நல்லது.

கல்லுன்னதும் ஒண்ணு. குவார்ட்ஸ்ங்கற பேர்ல வர்ற செயற்கைக் கல், கறையே பிடிக்காதுன்னு விக்கறாங்களே, அதுல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல கூட சிலிக்கா இருக்கும். அதைக் காயவெச்சு மெஷின்ல அறுக்கும்போது வர்ற தூசி, அறுக்கற தம்பியோட நுரையீரலை இறுக்கி விட்டுடும். சிலிகோசிஸ். மருந்தே கிடையாது. இதனாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. உங்க மேடையில இருக்கறதால உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஆபத்து அறுக்கறவங்களுக்குத்தான். நான் கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட்டே போதும்ம்பேன், சூடான சட்டியைத் தாங்கறதுலயும் அதுதான் கெட்டி. அதுலயும் சிலிக்கா இருக்கு, அளவு குறைவு. எந்தக் கல்லா இருந்தாலும் தண்ணி ஊத்தி அறுக்கச் சொல்லுங்க, உங்க வாசல்லயே நடக்கற வேலைதானே.

கடைசியா சிலிண்டர். எல்லா அழகுக் கிச்சன்லயும் இதைத்தான் ஒளிச்சு வைக்கப் பாக்கறாங்க. சமையல் எரிவாயு காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையோட தரையாப் படரும். சிலிண்டரைக் கபோர்டுக்குள்ள வெச்சு இறுக்கமா மூடினா அது உள்ளயே தேங்கும். கதவோட அடியில, தரையை ஒட்டி, காத்துப் போற ஓட்டை கட்டாயம் வேணும், மேலயும் ஒண்ணு. ரெகுலேட்டர் குனியாம கைக்கு எட்டணும். நிரம்பின சிலிண்டர் முப்பது கிலோ இருக்கும், அதை உருட்டி வர்ற வழியில படி, நிலை எதுவும் இடிக்காம இருக்கணும். வாசனை வந்தா சுவிட்சைத் தொடாதீங்க, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் தொறந்துட்டு வெளிய வந்து 1906-க்குப் போன் பண்ணுங்க.

வாடகை வீட்ல இருக்கேன் டாக்டர், இடிக்கவெல்லாம் முடியாதுன்னு சொல்றவங்களுக்கு: மேடை தாழ்வா இருந்தா கனமான நறுக்குப் பலகை. சிங்க் ஆழமா இருந்தா உள்ள ஒரு பேசினைக் கவுத்துப் போட்டு அதுமேல பாத்திரத்தை வெச்சுத் தேய்ங்க. நாலு இன்ச் உயர மணைக்கட்டை ஒண்ணை மேடைக்கு அடியில போட்டு, நிக்கும்போது ஒரு காலை மாத்தி மாத்தி அதுமேல வெச்சுக்கங்க, இடுப்புக்கு நல்ல ஓய்வு. அப்புறம் ஒரு ஸ்டூல். சாப்பாட்டு மேசைக்குக் காயை எடுத்துட்டுப் போய் அதுல உக்காந்து நறுக்குங்க, கூட ஒரு கத்தியையும் எடுத்துட்டுப் போங்க. எதிர்ல டிவி பாத்துக்கிட்டு இருக்கறவர் கையில குடுக்க.